படத்தில் இல்லாததை எழுதுங்கள்

ஸ்கிராப்புக் செய்கிறவர்கள் இப்போது நம் பக்கத்திலும் நிறையப் பேர் ஆகிவிட்டார்கள். கல்யாணப் பரிசுக்கு, குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு, அம்மா அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு என்று அட்டை வெட்டி, படமும் காகிதப் பூவும் ஒட்டி, ரிப்பன் கட்டி அருமையாகச் செய்கிறார்கள். தோழிகள் கொண்டுவந்து காட்டினால் ஆசையாகப் புரட்டுவேன். புரட்டி முடித்ததும் ஒரு குறை மனதில் நிற்கும். எழுத்தே இருக்காது. இருந்தாலும் கடையில் வாங்கி ஒட்டிய 'இனிய நினைவுகள்' ஸ்டிக்கர்தான் இருக்கும். படத்தில் ஓரமாக நிற்கும் அம்மா யார், எந்த ஊர், எந்த வருஷம், எதற்காக எல்லாரும் இப்படி விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், ஒன்றும் தெரியாது. செய்தவரிடம் கேட்டால் கால் மணி நேரம் கதை சொல்வார். கேட்கக் கேட்க ஆசையாக இருக்கும். அந்தக் கதையில் நாலு வரியாவது அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டாமா?

எங்கள் ஆச்சியின் படம் ஒன்று இருக்கிறது. ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளை. பின்னால் தொங்கும் திரையில் மாளிகைப் படிக்கட்டும் தூணும் வரைந்திருக்கும். பக்கத்தில் உயரமான ஸ்டூல், அதன் மேல் பிளாஸ்டிக் பூ ஜாடி. ஆச்சி ஒரு கையை ஸ்டூலில் ஊன்றி, இன்னொரு கையால் என் பெரியம்மாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பெரியம்மா அப்போது சின்னக் குழந்தை. அழுதிருக்க வேண்டும், கண்மை கன்னம் வரை இழுகியிருக்கிறது. ஆச்சி கட்டியிருப்பது அகலக் கரை போட்ட பட்டு. வீட்டில் எல்லாரும் அதை ஆச்சியின் கல்யாணப் பட்டு என்றே நினைத்திருந்தோம். ஒருநாள் படத்தை ஆச்சி மடியில் வைத்து, "ஆச்சி, இந்தப் பட்டு இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"அது எஞ்சேலையா? எதுத்த வீட்டு மதினிட்ட இரவல் வாங்கிக் கட்டுனதுல்லா. படம் பிடிச்சுட்டு வந்ததும் குடுத்துட்டேன். அவ போட்ட மடிப்பு மாறக்கூடாதுன்னு ராத்திரி விளக்கப் பக்கத்துல வச்சு உக்காந்து மடிச்சேன்" என்றார்கள்.

என் ஸ்கிராப்புக்கில் அந்தப் படத்துக்குக் கீழே நான் எழுதியது இவ்வளவுதான்:

"ஆச்சியும் பெரியம்மாவும். திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. பட்டு எதிர்த்த வீட்டு மதினியுடையது. மதினி போட்ட மடிப்பு மாறாமல் மடித்து அன்று ராத்திரியே ஆச்சி திருப்பிக் கொடுத்தார்கள். ஆச்சி சொல்லக் கேட்டு எழுதியது."

படத்தை எத்தனை வருஷம் உற்றுப் பார்த்தாலும் இது தெரிந்திருக்காது. அதனால் குறிப்பு எழுத உட்காரும்போது ஒரே கேள்வியைத்தான் வைத்துக்கொள்கிறேன்: இந்தப் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதது எது? 'மஞ்சள் பாவாடை கட்டிக்கொண்டு சிரிக்கிறாள்' என்பதைப் படமே சொல்லிவிடும். பாவாடையைத் தைத்தது யார், தீபாவளிக்கு முதல்நாள் ராத்திரி வரைக்கும் டெய்லர் கடை வாசலில் யார் காத்துக் கிடந்தார்கள் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

ஸ்கிராப்புக் செய்யும் பழக்கம் இன்றைய வடிவத்துக்கு வந்த கதையிலும் எழுத்துக்குப் பெரிய இடம் உண்டு. மார்க் ட்வைன் 1873-லேயே பசை தடவிய பக்கங்கள் கொண்ட ஸ்கிராப்புக்குக்குக் காப்புரிமை வாங்கியவர். ஈரம் தொட்டு ஒட்டினால் போதும். செய்தித்தாள் துணுக்கு சேர்க்கிறவர்களுக்கு அது பெரிய வசதி. ஆனால் இன்று நாம் செய்யும் குடும்பப் பக்கங்களுக்கு முன்னோடி என்று சொல்லப்படுகிறவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த மேரிலன் கிறிஸ்டென்சன். தன் வீட்டுப் படங்களையும் குறிப்புகளையும் பக்கம் பக்கமாகச் செய்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரிங் பைண்டர்களில் சேர்த்துவந்தார். ஐம்பதுக்கும் மேலே தொகுதிகள் சேர்ந்தன. 1980-ல் சால்ட் லேக் சிட்டியில் நடந்த ஆவணங்களுக்கான உலக மாநாட்டில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார். அது மார்மன் திருச்சபையினர் நடத்திய மாநாடு. முன்னோர் பெயரையும் வரலாற்றையும் தேடி எழுதி வைப்பதைச் சமயக் கடமையாகவே நினைக்கிறவர்கள் அவர்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் எப்படிச் செய்வது என்று கேட்க, கிறிஸ்டென்சன் தம்பதி அதற்கென்று கடையே தொடங்கினார்கள். வம்ச வரலாற்று ஆசையில் முளைத்த பழக்கம் இது. யார், எப்போது, எங்கே என்று எழுதாமல் விட்டால் அதன் உயிரையே விட்டமாதிரி என்று நான் நினைக்கிறேன்.

"எனக்கு எழுத வராதே" என்று நிறையப் பேர் தயங்குகிறார்கள். நான் கவனித்த வரையில், எழுத வராததால் தயங்குகிறவர்கள் குறைவு. எழுதுவதென்றாலே மேடைத் தமிழில் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். 'அன்றைய தினம் எங்கள் வாழ்வின் பொன்னாள்' என்று ஆரம்பித்தால் இரண்டாவது வரி யாருக்கும் ஓடாது. வீட்டில் எப்படிப் பேசுகிறோமோ அப்படி எழுதினால் தானாக வரும்.

இதில் எனக்குப் பெரிய தைரியம் கொடுத்தவர் புதுச்சேரி ஆனந்தரங்கப்பிள்ளை. துய்ப்ளேக்ஸ் பிரெஞ்சுக் கவர்னராக இருந்தபோது அவரிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1736-ல் தொடங்கி 1761-ல் இறப்பதற்குச் சில நாள் முன்பு வரை நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, கவர்னர் என்ன கேட்டார், தான் என்ன பதில் சொன்னார், ஊரில் யார் என்ன பேசிக்கொண்டார்கள் என்று பேச்சுத் தமிழிலேயே எழுதிக்கொண்டு போகிறார். அந்தக் காலத்துப் புதுச்சேரியில் புழங்கிய பாரசீக, போர்ச்சுக்கீசிய, பிரெஞ்சுச் சொற்களெல்லாம் கலந்து கிடக்கும். அலங்காரம் தேடி நிற்கவில்லை. அதனால்தான் படிக்கிறபோது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பேசுவது காதில் விழுகிறது. இருநூற்று அறுபது வருஷத்துக்கு முந்திய பேச்சு நமக்குக் கிடைத்திருக்கிறது என்றால், நம் வீட்டுப் பேச்சையும் அப்படியே எழுதி வைக்கலாம் அல்லவா? ஆச்சி 'வாங்குனதுல்லா' என்றால் 'வாங்குனதுல்லா' என்றே எழுதுங்கள். திருத்தி 'வாங்கியதல்லவா' ஆக்கினால் ஆச்சி போய்விடுவார்கள்.

குற்றாலத்துப் பக்கம் ஒன்றைச் சொல்கிறேன். சாரல் காலத்தில் குடும்பமாகப் போய் எடுத்த படங்கள் எந்த வீட்டிலும் ஒரே மாதிரி இருக்கும். ஐந்தருவிக்கு முன்னால் ஈரத் துண்டோடு வரிசையாக நிற்பார்கள். லென்ஸில் நீர்த்துளி பட்டு யாராவது ஒருவர் முகம் மங்கியிருக்கும். இதற்குக் கீழே 'குற்றாலச் சுற்றுலா, மறக்க முடியாத அனுபவம்' என்று எழுதினால் அது பக்கத்து வீட்டு ஆல்பத்துக்கும் பொருந்தும். எங்கள் பக்கத்தில் இருப்பது இது:

"காலையில் எண்ணெய் தேய்த்துவிட்டவர் சித்தப்பாவின் முதுகில் அடித்த அடி பஸ் ஸ்டாண்ட் வரை கேட்டிருக்கும். சித்தப்பாவின் துண்டு அருவியோடு போனது. திரும்புகிற வழியில் பிரானூரில் பரோட்டா. அம்மா மட்டும் சாப்பிடாமல் மங்குஸ்தானை உரித்து எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அன்று விரதம் என்பது ராத்திரிதான் எங்களுக்குத் தெரிந்தது."

இதில் ஒரு பெரிய சொல் இல்லை. அன்பு, பாசம், நெகிழ்ச்சி என்று எதையும் எழுதவில்லை. அம்மா என்ன செய்தாள் என்பது மட்டும் இருக்கிறது. என் தங்கை இந்தப் பக்கத்துக்கு வந்தால் அடுத்ததைப் புரட்ட மாட்டாள்.

இன்னொன்று. எந்தப் பக்கமானாலும் படம் எடுத்தவர் பெயரை எழுதிவிடுங்கள். பல வீட்டு ஆல்பங்களில் அப்பாவே இருக்க மாட்டார். கேமரா அவர் கையில் இருந்திருக்கும். எல்லாப் பயணத்துக்கும் வந்தவர், ஒரு படத்திலும் இல்லை. 'எடுத்தது அப்பா' என்று இரண்டே சொல் எழுதினால் அவரும் அந்தப் பக்கத்தில் வந்து சேர்வார். அதேபோல அன்றைக்கு வராமல்போனவர் யார், ஏன் வரவில்லை என்பதும் எழுதத் தக்கதுதான்.

தேதி விஷயத்துக்கு வருவோம். 90-களில் பிலிம் கேமராவில் எடுத்த பல பிரிண்டுகளில் கீழ் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி விழுந்திருக்கும். அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். பாட்டரி மாற்றியபின் தேதியைச் சரிசெய்யாமலே பல பேர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கும் முந்திய படங்களுக்கு வீட்டுப் பெரியவர்கள்தான் கதி. அவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் வராது. அவர்கள் வருஷத்தை எண்ணால் நினைவு வைத்துக்கொள்வதில்லை. "எம்ஜிஆர் போனதுக்கு முந்தியா பிந்தியா?" என்று கேளுங்கள், 1987 டிசம்பருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரிந்துவிடும். எங்கள் ஊர்ப் பக்கம் 1992 நவம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளம் பெரிய அடையாளம். "வெள்ளம் வந்தப்ப நம்ம வீட்டுல இந்தத் திண்ணை இருந்துச்சா?" என்றால் டக்கென்று பதில் வரும். இன்னும் முந்திப் போனால் தனுஷ்கோடியை அழித்த 1964 புயல். அதோடு யார் வயிற்றில் யார் இருந்தார்கள் என்ற கணக்கையும் சேர்த்துக்கொண்டால் பெரும்பாலான படங்களுக்கு வருஷம் கிடைத்துவிடும். சரியாகத் தெரியாவிட்டால் '1992 வெள்ளத்துக்கு முன்பு' என்றே எழுதலாம், தப்பில்லை. ஊகத்தைத் தேதியாக எழுதிவிடக் கூடாது.

இனிமேல் எடுக்கப்போகும் படங்களுக்கு எனக்குப் பிடித்த வழி தினசரி காலண்டர் தாள். கிழித்து எறிவதற்குப் பதில் அந்த நாளின் தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், ராகு காலம் எல்லாம் அதிலேயே இருக்கும். குழந்தை பிறந்த அன்று கிழித்த தாளுக்கு ஈடான தேதிக் குறிப்பு வேறு கிடையாது. ஆனால் அது மட்டமான காகிதம், சீக்கிரம் பழுக்கும்; படத்தின் மேல் படாமல் தள்ளி ஒட்டவேண்டும், அல்லது தனி உறையில் போட்டு வைக்கவேண்டும்.

கல்யாணப் பத்திரிகையும் அப்படியே. ஊர், நாள், முகூர்த்தம், இரண்டு பக்கத்துப் பெரியவர்கள் பெயர் எல்லாம் அச்சடித்தே வந்துவிடுகிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகைகளையும் நாடக நோட்டீசுகளையும் சேர்த்து வைத்தவர். அவர் சேகரிப்பிலிருந்துதான் 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் வந்தது. ஊரார் வீட்டுப் பத்திரிகைகளை அவர் அவ்வளவு பத்திரமாக வைத்தார். நம் வீட்டுப் பத்திரிகை ஒன்றையாவது நாம் வைத்துக்கொள்ளலாம். பத்திரிகையை ஒட்டிவிட்டால் தேதியும் பெயரும் எழுதும் வேலை மிச்சம். அதில் அச்சாகாததை மட்டும் அடியில் எழுதலாம்: பந்தியில் சாம்பார் தீர்ந்து மறுபடி கொதிக்க வைத்தது, தாலி கட்டும் நேரத்தில் கரண்ட் போனது, நாதஸ்வரக்காரர் தம் பிடித்து நின்ற அந்த இடம்.

கையெழுத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அச்சடித்து ஒட்டினால் பக்கம் சுத்தமாகத்தான் இருக்கும். இருந்தாலும் கையால் எழுதுங்கள் என்றுதான் சொல்வேன். என் அம்மாவின் மளிகைச் சிட்டை ஒன்றைப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். மேலே பிள்ளையார் சுழி. கீழே 'து. பருப்பு 1 கிலோ, உ. பருப்பு 1/2, க. எண்ணெய், விளக்குத் திரி' என்று வரிசை. கடைசியில் வேறு பேனாவில், அவசரமாக, 'பிள்ளைகளுக்கு பிஸ்கட்'. சிட்டையை எழுதி முடித்துப் பையோடு அப்பா கையில் கொடுக்கப்போகும்போது நினைவு வந்து சேர்த்தது என்று அந்த எழுத்தின் சாய்வே சொல்கிறது. இதற்கு மட்டும் நான் நீளமான குறிப்பு எதுவும் எழுதவில்லை. யார் எழுதியது, எந்த வீட்டில் இருந்தபோது என்பதோடு நிறுத்திக்கொண்டேன். கோழிக் கிறுக்கலாக இருக்கிறதே என்று உங்கள் எழுத்துக்கு வெட்கப்படாதீர்கள். உங்கள் பிள்ளைகள் நாளைக்கு அந்தக் கிறுக்கலைத்தான் தேடுவார்கள்.

பக்கம் பாழாகிவிடுமோ என்ற பயத்துக்கு எளிய வழி உண்டு. நேராகப் பக்கத்தில் எழுதாமல், தனித் துண்டில் எழுதி ஒட்டுங்கள். முதலில் ரஃப் நோட்டில் எழுதி, எத்தனை வரி வருகிறது என்று பார்த்து, அந்த அளவுக்கு இடம் விட்டுவிட்டுப் படங்களை ஒட்டுங்கள். படம், பூ, பட்டன் எல்லாம் ஒட்டி முடித்து மிச்சமிருக்கும் மூலையில் எழுத்தைத் திணித்தால் இரண்டு வரிக்குமேல் போகாது. நாலைந்து வரி எந்தப் பக்கத்துக்கும் போதும். அதற்குமேல் சொல்ல இருந்தால் காகிதத்தை மடித்து ஓர் உறையில் போட்டுப் பக்கத்திலேயே செருகிவிடலாம்.

சாமான்கள் விஷயத்தில் சிக்கனம் பார்க்காமல் இருக்கவேண்டியது பேனாவில்தான். 'பிக்மென்ட் இங்க்' என்று போட்டிருக்கும் நுனி மெல்லிய பேனா வாங்குங்கள். அந்த மை தண்ணீர் பட்டால் கரையாது, லேசில் வெளுக்காது. நான் வைத்திருப்பது பிக்மா மைக்ரான் 05. சாதாரண ஸ்கெட்ச் பேனாவும் ஃபவுண்டன் பேனா மையும் ஈரத்தில் ஊறிவிடும். காகிதத்தில் 'ஆசிட் ஃப்ரீ, லிக்னின் ஃப்ரீ' என்று இருக்கிறதா என்று பாருங்கள். செலோடேப் வேண்டவே வேண்டாம். மஞ்சளாகிப் படத்தையும் கறையாக்கும். பழைய கறுப்பு அட்டை ஆல்பங்களில் படத்தின் நாலு மூலைக்கும் முக்கோணக் காகிதம் ஒட்டிச் செருகியிருப்பார்கள். அது இன்றைக்கும் நல்ல முறை. படத்தில் பசையே படாது.

படத்தின் பின்பக்கம் எழுதுவதாக இருந்தால் பால்பாயின்ட் பேனாவைத் தொடாதீர்கள். அழுத்தம் முன்பக்கம் வரை புடைத்துத் தெரியும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் மெத்தென்ற பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதலாம். பிந்திய கலர் பிரிண்டுகளின் பின்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் பென்சில் பிடிக்காது. அவற்றுக்குத் தனித் துண்டில் எழுதுவதே மேல். ஒட்டும் தாளும் பிளாஸ்டிக் மூடியும் கொண்ட ஆல்பம் ஒரு காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்ததே, அதில் படங்கள் இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெல்ல மெல்ல இழுத்தால் பெரும்பாலும் விடும். விடாவிட்டால் அப்படியே ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

பஸ் டிக்கெட்டும் ஹோட்டல் பில்லும் ஒட்டுகிறவர்களுக்கு ஒன்று. இப்போது மெஷினில் வருவதெல்லாம் சூட்டில் அச்சாகும் தாள். நாளாக ஆக எழுத்து மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று சூடான லாமினேஷன் போட்டால் முழுக்கக் கறுத்துப்போகும். ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள், அல்லது அதிலுள்ள ஊர் பெயரையும் காசையும் கையால் எழுதிவிடுங்கள். விலைகளை எழுதுவதில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. இருபது வருஷம் கழித்துப் படிக்கிறவர் முதலில் நிற்கும் இடம் அதுவாகத்தான் இருக்கும்.

முடித்த பக்கங்களை எழுத்தோடு சேர்த்துப் போனில் படமெடுத்துக் குடும்பத்தில் நாலு பேருக்கு அனுப்பிவிடுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் பக்கத்து வீடுகளில் எத்தனை கல்யாண ஆல்பங்கள் சேறாகிப் போயின என்பதைப் பார்த்தவள் நான்.

சில பக்கங்கள் எழுதக் கஷ்டமானவை. இறந்துபோன தம்பி நிற்கிற படம், பேச்சுவார்த்தை விட்டுப்போன பெரியப்பா வீட்டுக் கிரகப்பிரவேசம். இவற்றை ஆல்பத்திலிருந்து எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. எடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். சண்டையை எழுதாமலே அன்றைய நாளை எழுத முடியும். பெரியப்பா அன்றைக்குப் பந்தியில் ஒவ்வொருவரிடமும் போய் "பாயசம் போட்டாச்சா?" என்று கேட்டது உண்மைதானே? அதை எழுதுங்கள். உயிரோடு இருக்கிறவர் படித்தால் தலைகுனிவார் என்று தோன்றுகிற எதையும் பக்கத்தில் எழுதாதீர்கள். மனதில் அடைத்துக்கொண்டிருந்தால் தனியே உங்கள் டைரியில் எழுதிக்கொள்ளலாம். இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்ற கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வாசகம்தான் முதலில் கைக்கு வரும். அதைத் தள்ளிவிட்டு, அவர் எப்படிச் சாப்பிடுவார், வாசலில் செருப்பை எப்படிக் கழற்றுவார், யாரை என்ன பட்டப் பெயர் வைத்துக் கூப்பிடுவார் என்று ஒன்றே ஒன்றை எழுதிப் பாருங்கள். கை நடுங்கும், ஆனாலும் எழுதுங்கள்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அவர்கள் படத்துக்கு அவர்களையே எழுதச் சொல்லுங்கள். ஆச்சி வீட்டுக் கிணற்றடியில் என் அண்ணன் மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிற படம் ஒன்று உண்டு. நான் எழுதியிருந்தால் ஆச்சி வீடு, கோடை விடுமுறை என்று ஏதோ எழுதியிருப்பேன். அவனிடம் ஒரு துண்டுக் காகிதத்தையும் பென்சிலையும் கொடுத்தேன். "கெணத்துல ஆமை இருக்கு. எட்டி பாக்க விடல. தாத்தா சத்தம் போட்டாங்க. ஆமைக்கு பேர் வச்சாச்சு. யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்று எழுதிக் கொடுத்தான். எழுத்துப் பிழை எதையும் திருத்தாமல் அப்படியே ஒட்டிவிட்டேன். அடியில் அவன் வயதும் தேதியும் மட்டும் என் கையெழுத்து.